பெரியவர் இழுத்துக்கிட்டு இருக்கார்

அந்த வண்டிக்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்தவன் நான்தான். இதில் வேறு யார் தலையிலும் பழியைக் கட்ட வழியில்லை. வழி இருந்திருந்தால் கட்டியிருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

நான் வேலை பார்க்கும் கோல்ஃப் மைதானத்தில் முப்பத்திரண்டு வண்டிகள். முப்பத்தொன்று பேட்டரியில் ஓடுகிறவை. சத்தமே இல்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கும். எனக்கும் அவற்றுக்கும் ஆகவே ஆகாது. மிச்சம் ஒன்றுதான் பெட்ரோல் வண்டி. இருபத்தாறு வயது. பந்து அடிக்க வருகிறவர்கள் அதில் ஏற மாட்டார்கள், சட்டையில் புகை வாசம் ஏறிவிடும் என்று. மைதானத்தைச் சுற்றி வந்து ஒழுங்கு பார்க்கிற மார்ஷலுக்கும், மணல் மூட்டை, தண்ணீர்க் கேன் ஏற்றுவதற்கும் அதுதான். பதினைந்து வருஷமாக அதன் எஞ்சினில் கை வைத்தவன் நான் ஒருவன் மட்டுமே.

வயசுக்கு மரியாதை கொடுத்துத்தான் ஷெட்டில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசுவோம். "பெரியவர் எழுந்துட்டாரா?" "பெரியவருக்கு இன்னிக்கு இருமல் ஜாஸ்தி." மேட்டில் ஏற முடியாமல் அது முனகிக்கொண்டு நின்றால், "பெரியவர் இழுத்துக்கிட்டு இருக்கார், சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பிடுங்க" என்பேன். ஷெட்டே சிரிக்கும். அலுவலகத்தில் போன் எடுக்கிற அம்மா வரைக்கும் இந்தப் பேச்சு பரவியிருந்தது. அந்த அம்மாவுக்கும் நான் ஒரு பெயர் வைத்திருந்தேன், மைக்கம்மா. ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

எங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் உண்டு. என் அண்ணன். வீட்டில் நாங்கள் இரண்டே பிள்ளைகள். அண்ணி வந்த நாளிலிருந்து புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. அவர் பெரியவர், நான் சின்னவர். அம்மாவிடம் சொன்னாலும் பால்காரரிடம் சொன்னாலும் அப்படித்தான். வண்டிக்குப் பெயர் வைத்தபோது இது உனக்கு உறைக்கவில்லையா என்று கேட்டால், நன்றாக உறைத்தது. உறைத்ததால்தான் வைத்தேன். பழசு, பிடிவாதம், நகராது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே வைத்தேன். அண்ணன் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

ஆத்திரத்துக்குப் பதினோரு வயசு. அம்மா போனபோது நான் வேலை விஷயமாக இரண்டு நாள் பயணத் தூரத்தில் இருந்தேன். அண்ணன் எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் வந்து சேர்ந்தபோது வீடு கழுவி விடப்பட்டு ஈரமாக இருந்தது. அம்மா படுத்திருந்த கட்டிலைச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். "ஒரு நாள் பொறுக்க முடியலையா உனக்கு?" என்று கேட்டேன். அண்ணன் என்னவோ சொல்ல வந்தார். வெயில், உடம்பு, தாங்காது என்று இரண்டு மூன்று சொல் காதில் விழுந்தது. மேற்கொண்டு நான் கேட்கவில்லை. காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே குறைவு. வாசலில் நாலு பேர் நிற்க, "உன் சாவுக்கு நான் வரமாட்டேன்" என்று கத்திவிட்டு, தோளில் இருந்த பையை இறக்காமலே திரும்பி நடந்தேன்.

அதற்கப்புறம் ஒரே ஊரில் இருந்துகொண்டு இரண்டு பேரும் பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் ஒருவர் மாற்றி ஒருவர் கடைக்குள் நுழைந்துகொள்வோம். ஒரு தடவை அவர் அப்படி நுழைந்த கடை பெண்களுக்கான தையல் கடை. அதை நினைத்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அண்ணி சந்தையில் என் மனைவியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள், வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று, சின்னவரை ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லு என்று. என் மனைவியும் எங்கள் அலுவலக எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஷெட்டில் பெட்ரோல் இருப்பதால் கைபேசியைப் பூட்டி வைத்துவிட வேண்டும், பகலில் என்னைப் பிடிக்க அலுவலகம்தான் வழி.

போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நம்பினால் நம்புங்கள். அந்த ஒரு சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவும் அவர் கண் திறந்திருக்கும்போதே வாங்கிக்கொள்ள வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஆனால் எப்படி வாங்குவது? படுக்கையில் கிடக்கிறவர் முன்னால் உட்கார்ந்து, "அன்னிக்குச் சொன்னதை மறந்துடுண்ணே, உன் சாவுக்கு நான் கட்டாயம் வர்றேன்" என்றா சொல்வது? பேருந்தில், குளியலறையில், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு என்று எங்கெங்கேயோ சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகத்தான் வந்தது. நாளைக்குப் போகலாம் என்று தள்ளினேன். மறுநாளும் நாளைக்குப் போகலாம் என்று தள்ளினேன்.

தள்ளுவதற்கு வாகாக ஒரு சாக்கும் கிடைத்தது. அதே மூன்று வாரமாகப் பெரியவர், அதாவது வண்டி, நடக்க மறுத்தார்.

சமதரையில் ஓடும். ஆனால் ஆள் நடக்கிற வேகம்தான். மேடு வந்தால் மூச்சு வாங்கும். முதலில் காற்று ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன், பிறகு புதுசே போட்டேன். பிளக்கை மாற்றினேன். பெட்ரோல் வடிகட்டியில் துரு இருந்தது, இதுதான் என்று துள்ளிக் குதித்து அதையும் மாற்றினேன். அசையவில்லை. பிரேக் பிடித்தபடியே இருக்கிறதோ என்று பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன், தாராளமாகச் சுற்றியது. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரையும் விட்டுவைக்கவில்லை. மிதியிலிருந்து கேபிள் வந்து சேர்கிற கார்புரேட்டர் கையை விரலால் இழுத்தால் எஞ்சின் நன்றாகவே உறுமியது. நின்ற இடத்தில் அவ்வளவு உறுமலும் ஓடினால் வெறும் முனகலுமாகக் கண்ணில் விரலை விட்டு ஆட்டியது.

மேலாளர் ஒரு நாள் ஷெட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "இந்த மாசக் கடைசியில அதைத் தூக்கிப் போட்டுடலாமா?" என்றார்.

"என்னையும் சேர்த்துத் தூக்கிப் போடுங்க சார்" என்றேன். மனிதர் தலையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். என் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போகிறவர்கள் அதிகம். அதை நான் அந்த நாள் வரை பெருமையாக நினைத்திருந்தேன்.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. காலையில் வந்ததும் பெட்ரோல் பம்பை மாற்றினேன். இது கடைசி. இதில் சரியானால் மத்தியானமே அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு அண்ணனைப் பார்க்கப் போவது, சரியாகாவிட்டாலும் போவது என்று பல் துலக்கும்போதே தீர்மானம் செய்திருந்தேன். மனைவியிடமும் சொன்னேன். அவள் என் சட்டைகளில் ஒன்றைத் தேய்த்துப் பையில் வைத்துக் கொடுத்தாள், எண்ணெய்ச் சட்டையோடு போய் நிற்காதீர்கள் என்று. மார்ஷலைக் கூப்பிட்டு, "ஒன்பதாம் குழி வரைக்கும் ஓட்டிட்டு வாங்க, அந்த மேடு ஏறுதா பாருங்க" என்று வண்டியைக் கொடுத்து அனுப்பினேன். மைதானத்திலேயே செங்குத்தான மேடு அங்கேதான்.

பத்தரை மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. மைக்கம்மா குரல். என் பெயரைச் சொல்லி, "பெரியவர் இழுத்துக்கிட்டு இருக்காராம்! உங்களை உடனே வரச் சொல்றாங்க!" என்றது.

ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான். மனதில் அண்ணன் முகம் ஓரமாகக்கூட வந்து நிற்கவில்லை. ஒன்பதாம் குழிப் பக்கம் குளிர்பானக் கடையில் ஒரு போன் இருக்கிறது. வண்டி மேட்டில் நின்றிருக்கும், மார்ஷல் அங்கிருந்து கூப்பிடச் சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்தேன். மைக்கம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். ஒரு பெண் குரல், பதற்றமாக, விட்டு விட்டுக் கேட்கிற இணைப்பில், "பெரியவர் இழுத்துக்கிட்டு இருக்கார், உடனே வரச் சொல்லுங்க" என்றால், கடைக்காரப் பெண்தான் நம்மைப் போலவே கிண்டலாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கிண்டலைப் பத்து வருஷமாக ஊட்டி வளர்த்தவன் நான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஸ்பேனர் பெட்டி. ஒரு பேட்டரி வண்டியை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் குழிக்குப் போனேன். மேட்டில் பாதி வழியில் வண்டி நின்றிருந்தது. மார்ஷல் மர நிழலில் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன், நீங்களே வந்துட்டீங்க" என்றார்.

அனுப்பலாம் என்று இருந்தார் என்றால், அனுப்பவில்லை என்று அர்த்தம். சின்னக் குழந்தைக்கும் புரியும். நான் அதற்குள் இருக்கையைத் தூக்கி எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தேன்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த மேட்டில் கிடந்தேன். முதலில் பெல்ட். ஓரம் பளபளவென்று இருந்தது, வழுக்குகிறது என்று முடிவு கட்டி, பெட்டியில் இருந்த புது பெல்ட்டைப் போட்டேன். மார்ஷல் ஏறி ஓட்டினார். அதே ஆமை நடைதான். கார்புரேட்டரை அங்கேயே புல்லில் துணி விரித்துப் பிரித்தேன். ஒவ்வொரு துளையாக ஊதினேன். வெயில் முதுகில் ஏறியது. திரும்பப் பூட்டி ஓட்டச் சொன்னால், அதே நடை.

"மிதிச்சா மெத்துன்னு இருக்குங்க" என்றார் மார்ஷல். இதைக் காலையிலிருந்து மூன்றாவது தடவையாகச் சொல்கிறார்.

"மெத்துன்னு இருக்க அது என்ன தலையணையா?"

"இல்லைங்க, முழுசா இறங்கலையோன்னு..."

"நீங்க நிழல்ல உக்காருங்க. எஞ்சினை நான் பார்த்துக்கறேன்."

அவர் போய் உட்கார்ந்தார். பட்டாளத்தில் இருந்தவர், சொன்னதைச் செய்வார். நான் மறுபடி கேபிளைப் பார்த்தேன். கார்புரேட்டர் கையை விரலால் இழுத்தேன். முழுசாகத் திறந்தது. என்னைப் போன்றவனின் லட்சணம் இதுதான். பதினைந்து வருஷத்தில் அந்த வண்டியின் இருக்கையில் நான் உட்கார்ந்தது பத்து தடவை இருக்காது. எப்போதும் அதன் வயிற்றுக்குள்தான் இருப்பேன். ஓட்டுகிறவன் என்ன சொல்கிறான் என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

பன்னிரண்டே முக்காலுக்கு எனக்குப் பொறுமை போயிற்று. ஸ்பேனரைப் புல்லில் வீசினேன். இருக்கையில் ஏறி உட்கார்ந்து, மிதியை ஆத்திரம் தீர ஓங்கி மிதித்தேன். மெத்தென்று இருந்தது.

குனிந்து பார்த்தேன். காலடியில் கறுப்பு ரப்பர் விரிப்பு. மூன்று வாரத்துக்கு முன்னால் நான்தான் போட்டேன். பழைய விரிப்பு கிழிந்து பூட்ஸ் மாட்டிக்கொள்கிறது என்று மார்ஷல் சொன்னார், ஷெட்டில் கிடந்த தடிமனான ரப்பர் துண்டை வெட்டி, நன்றாக இருக்கட்டும் என்று இரண்டாக மடித்துப் போட்டிருந்தேன். அது நகர்ந்து நகர்ந்து மிதிக்கு அடியில் போய்ச் சுருண்டிருந்தது. மிதி பாதிக்கு மேல் இறங்க இடமே இல்லை. வண்டிக்கு ஒரு நோயும் கிடையாது.

விரிப்பை உருவி எறிந்தேன். மிதித்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு மேட்டில் ஏறியது. மார்ஷல் எழுந்து நின்று கை தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராக ஷெட்டுக்குத் திரும்பியிருக்கலாம். அவரையும் ஏற்றிக்கொண்டு, பேட்டரி வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஏரியைச் சுற்றி ஒரு வலம் வந்தேன். பந்து அடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, ஹாரன் அடித்துக்கொண்டு வந்தேன். அந்தச் சுற்றுக்கு ஒரு கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

ஷெட் வாசலில் வெயிலில் மைக்கம்மா நின்றிருந்தார். அவர் இருக்கையை விட்டு எழுந்து வந்து நான் பார்த்ததில்லை.

"பெரியவர் பிழைச்சுட்டார்!" என்று தூரத்திலிருந்தே கத்தினேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. வண்டி நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்போதும் ஊருக்கே கேட்கிற குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அது உங்க அண்ணி போன் சார். உங்க அண்ணன். எனக்குத் தெரியலை சார், சத்தியமாத் தெரியலை."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அவர் அழுதுகொண்டே சொன்னதைக் கோத்துப் பார்த்தால் இவ்வளவுதான். பத்தரைக்கு முதல் போன். பதினொன்றேகாலுக்கு அதே பெண் குரல், "கிளம்பிட்டாரா?" என்று கேட்டிருக்கிறது. "சொன்ன உடனே பெட்டியைத் தூக்கிட்டு ஓடினார்மா, பெரியவரைப் பார்க்கத்தான் போயிருக்கார்" என்று இவர் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டரைக்கு மூன்றாவது தடவை. "இன்னும் வந்து சேரலீங்களே, எந்த வழியா வர்றார்?" அப்போதுதான் இவருக்குச் சந்தேகம் வந்து, நீங்கள் யார் என்று கேட்டிருக்கிறார்.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"சொல்ல நாக்கு எழலை சார். வந்துடுவார்மான்னு வெச்சுட்டேன். மைக்குல கூப்பிட்டா மறுபடி வண்டின்னுதான் நினைப்பீங்கன்னு தோட்டக்காரரை ஒன்பதாம் குழிக்கு ஓடச் சொன்னேன். அங்க நீங்க இல்லைன்னு திரும்பி வந்துட்டார்."

ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்தேன் அம்மா, ஹாரன் அடித்துக்கொண்டு. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரைத் திட்டவும் இல்லை. 

மார்ஷல் தன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். பையில் இருந்த தேய்த்த சட்டை ஷெட்டிலேயே கிடந்தது. வழி நெடுக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே, இன்னும் இருப்பார், இன்னும் இருப்பார் என்று சொல்லிக்கொண்டு போனேன். என்ன பேசுவது என்கிற கவலையெல்லாம் அப்போது பறந்து போயிருந்தது. "அண்ணே, வந்துட்டேன்" என்றால் போதாதா? மூன்று வாரமாகத் தேடிய சொல் இதுதான், இரண்டே சொல். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து முப்பத்தைந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன்.

அண்ணன் வீடு இரண்டாம் மாடியில். படியில் செருப்புகள் கிடந்தன. எண்ணிக்கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன், பிடித்த இடமெல்லாம் கிரீஸ் கறை விழுந்தது.

கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருந்தார்கள். தெரு தெரியும்படி தலைமாட்டை உயர்த்தியிருந்தார்கள். அண்ணன் பாதியாக இருந்தார். பதினோரு வருஷமாக நான் மனதுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டிருந்த ஆள் நல்ல தாட்டியான மனிதர். இவரை அப்படித் திட்டியிருக்க முடியாது. சவரம் செய்து சுத்தமாக இருந்தார். மூக்கில் கண்ணாடி இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, மேலே மடித்த துண்டு போட்டு, காலியாக. அறையில் எட்டுப் பேர் நின்றிருந்தும் அதில் யாரும் உட்காரவில்லை.

அண்ணி என்னைப் பார்த்தார். தலை நரைத்துவிட்டது. நான் எதிர்பார்த்தது இரண்டு வசவு. வாசலிலேயே நிறுத்தி, எதற்கு வந்தாய், வரமாட்டேன் என்றாயே என்று கேட்டிருந்தால் அப்படியே தரையில் விழுந்திருப்பேன். அதற்குத் தயாராகத்தான் வந்தேன்.

"வந்துட்டீங்களா தம்பி" என்றார். "அரை மணி நேரம் முந்தி வந்திருக்கக் கூடாதா?"

நான் நாற்காலியைப் பார்த்தேன்.

"உங்களுக்குத்தான். நீங்க கிளம்பிட்டீங்கன்னு போன்ல சொன்னாங்கன்னு சொன்னேன். கண்ணைத் திறந்தார். காலையில இருந்து திறக்காத கண்ணு. நிஜமாவான்னு கேட்டார். ஆமாங்க, சொன்ன உடனே பெட்டியைத் தூக்கிட்டு ஓடி வர்றாராம்னேன். 'வரமாட்டேன்னு சொன்ன பய, பெட்டியோடவா வர்றான்'னு சிரிச்சார் தம்பி. எனக்கே ஆச்சரியம். முகத்தை மழிச்சு விடச் சொன்னார். கண்ணாடியைப் போட்டு விடச் சொன்னார். ரெண்டு நாள் தங்குவான் போல, பக்கத்து ரூமைக் கூட்டி வைன்னார்."

திரும்பிப் பார்த்தேன். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. தரையில் பாய் விரித்து, தலையணைக்கு உறை மாற்றி வைத்திருந்தார்கள்.

"கீழ ஒவ்வொரு வண்டி நிக்கும்போதும் அவனான்னு பார்த்துச் சொல்லுன்னார். ரெண்டு மணி நேரம் தம்பி. டாக்டர் காலையிலயே முடிஞ்சுடும்னு சொல்லிட்டுப் போனாரு, இவர் ரெண்டு மணி நேரம் பிடிச்சு வெச்சிருந்தார்." அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் கைகளைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். முழங்கை வரை கிரீஸ், முட்டியில் மண், புல். "ஏன் தம்பி, வழியில என்ன ஆச்சு?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அண்ணி, நான் கிளம்பவே இல்லை. அது ஸ்பேனர் பெட்டி. அண்ணன் உயிரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் புல்லில் உட்கார்ந்து கார்புரேட்டரை ஊதிக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால், அந்தச் சிரிப்பையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டவன் ஆவேன். சொல்லாவிட்டால் நான் எப்படிப்பட்டவன் ஆவேன் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

"வண்டி நின்னு போச்சு அண்ணி" என்றேன். "மேட்டுல."

"அவரும் அதைத்தான் சொன்னார்." அண்ணி தலையாட்டினார். "'எங்கயாவது வண்டி மாட்டியிருக்கும், இறங்கி ரிப்பேர் பார்த்துக்கிட்டு இருப்பான், அவனைத் திட்டாதே'ன்னார். கடைசியாப் பேசினது அதுதான்."

பிறகு என் கையைப் பிடித்து, கறையைப் பற்றிக் கவலைப்படாமல், நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தார். "உக்காருங்க தம்பி. உங்களுக்காகப் போட்டது."

உட்கார்ந்தேன். அண்ணே, வந்துட்டேன் என்று சொன்னேன். அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். அவர் மூக்குக் கண்ணாடியில் தெருவும் எதிர்க் கட்டிடமும் தெரிந்தன. கழற்றலாம் என்று கை நீட்டினேன், என் விரல்களைப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

மேலும் மேலும் ஆட்கள் வந்தார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் அண்ணி என்னைக் காட்டிச் சொன்னார். "பாவம், கேள்விப்பட்ட உடனே போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கார். கையைப் பாருங்க, சட்டையைப் பாருங்க. பாழாப்போன வண்டி காலை வாரி விட்டுடுச்சு." பதினோரு வருஷத்துக்கு முன்னால் வாசலில் நின்று நான் கத்தியதைக் கேட்டவர்களும் அதில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். ஒருவர் குனிந்து என் காதில், "இருந்தாலும் கூடப் பொறந்த ரத்தம் விடுமா?" என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.